சென்னை – சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? முதல் முறை பறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு தளம் 2,900 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 2,920 என்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஓரிடத்தில் மூன்றரை மணி நேரம், இன்னோரிடத்தில் நாலு மணி நேரம். கையில் இருக்கும் டிக்கெட்டைப் பார்த்தால் புறப்பாடு இரவு 11.15, போய்ச் சேருவது காலை 6.10 என்று போட்டிருக்கிறது. விரல் விட்டு எண்ணினால் ஏழு மணி நேரம் வருகிறது. கும்பகோணத்தில் வழியனுப்ப வரும் சித்தப்பாவோ, “முழுசா ஒரு நாள் ஆயிடும்பா” என்கிறார்.

இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒருவர் பறக்கிற நேரத்தைச் சொல்கிறார், ஒருவர் கடிகாரத்தில் தெரிவதைச் சொல்கிறார், சித்தப்பா வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுகிறார். பயணத் திட்டம் போட உதவுவது சித்தப்பாவின் கணக்குதான் என்பது என் கட்சி. ஆனால் அங்கே போவதற்கு முன் மற்ற கணக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். இந்த முறை சென்னை – சிங்கப்பூருக்கு மட்டுமல்ல, எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

படி 1: தூரம்

இணையதளங்கள் தருவது, பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். அதற்குக் குறைவாக யாராலும் போக முடியாது. சில தளங்கள் நகரத்தின் மையத்திலிருந்து அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து. மீனம்பாக்கம் சென்னையின் தெற்கே இருக்கிறது, சாங்கி சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பத்து இருபது கிலோமீட்டர் கூடக் குறைய வருவது அதனால்தான். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 13.0, கிழக்குத் தீர்க்கரேகை 80.2. சாங்கி 1.4, 104.0. வடக்கு தெற்காக வித்தியாசம் 11.6 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் 1,288. கிழக்கு மேற்காக 23.8 பாகை, அது 2,642 ஆகும். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால் இதில் கொஞ்சம் கழிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் அது ஒரு சதவீதம்கூட வராது, 2,620 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 2,920 கிலோமீட்டர் வந்து நிற்கிறது.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான் இந்தக் குறுக்கு வழி. லண்டனுக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ போட்டால் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். அங்கெல்லாம் மிகக் குறைந்த தூரப் பாதை வடக்கே வளைந்து போகும், தட்டையான வரைபடத்தில் பார்த்தால் சுற்றிப் போவதாகத்தான் தோன்றும். கூகுள் எர்த்தில் அளவுகோலை வைத்து இழுத்துப் பாருங்கள். சென்னை – லண்டன் ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர் காட்டும்.

நம் பாதை வங்கக் கடலைக் குறுக்கே வெட்டி, கிரேட் நிகோபார் தீவின் தென்முனைக்குப் பக்கமாகப் போய், மலாக்கா நீரிணை நெடுகிலும் தென்கிழக்காக இறங்குகிறது. பகல் விமானமாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் மலேசியக் கரை, வலப்பக்கம் சுமத்திரா. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025 வாக்கில் கடாரத்துக்குப் போன கடல் இதுதான். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பலில் ஏறி, ஒரு வாரம் போல வாந்தியும் வெற்றிலையுமாகக் கடந்ததும் இதே கடல்தான்.

படி 2: பறக்கும் நேரம்

தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். ஜெட் விமானம் எதுவானாலும் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். 2,920-ஐ 800-ஆல் வகுத்தால் 3.65, அதாவது 3 மணி 39 நிமிடம். அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். டிக்கெட்டில் பொதுவாக 4 மணி 10 நிமிடத்திலிருந்து 4 மணி 30 நிமிடம் வரை போட்டிருப்பார்கள்.

ஏன் 800? ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 830, 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பெரிய விமானங்கள் 900-ஐத் தொடும். ஆனால் நூல் பிடித்த பாதையில் யாரும் அப்படியே பறப்பதில்லை. கடற்காற்று கிழக்கிலிருந்து அடித்தால் சென்னையில் விமானம் கடல் பக்கமாக எழும்பும், அப்படியே வளைந்து தன் வழியைப் பிடித்துவிடலாம். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் எதிர்ப்பக்கமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வர வேண்டும். இறங்கும்போதும் அதே கதைதான். அதற்கெல்லாம் ஈடாகத்தான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போடுகிறோம். கூட்டிய அரை மணி, தரையில் உருளும் நேரத்துக்கும் ஏறி இறங்கும் நேரத்துக்கும்.

தூரத்தை 900-ஆல் வகுத்து “3 மணி 15 நிமிடம்” என்று காட்டும் தளங்களை நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள்.

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம், விமானம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. கதவு மூடி, நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் அல்ல, கேட்டில் போய் நிற்கும் நேரம். நடுவில் இருக்கும் 4 மணி 25 நிமிடத்தில் ஆகாயத்தில் இருப்பது மூன்றே முக்காலிலிருந்து நாலு மணி நேரம்தான். போதாக்குறைக்கு, தாமதமானது என்று பெயர் வரக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தைச் சேர்த்தே போடுகின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்தே நிமிடத் தாமதத்தில் போய்ச் சேர்வதன் ரகசியம் இதுதான், விமானி விரட்டிக்கொண்டு போனதால் அல்ல.

வகுக்கும் எண் எப்போதும் 800 அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு 360 கிலோமீட்டர் கூட இல்லை. நம் சூத்திரப்படி ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். ஆனால் அங்கே போவது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் காற்றாடி சுழலும் விமானம், வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் சுமார்தான். ஆகவே ஒன்றேகால் மணி நேரம் போல ஆகிவிடும். முன்பதிவு செய்யும்போது விமானத்தின் வகையையும் காட்டுவார்கள், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், சூத்திரத்தை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் விமானத்தின் எண்ணை ஃப்ளைட்ரேடார்24 என்ற இணையதளத்தில் போட்டால், அதே விமானம் கடந்த சில நாட்களில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று வரிசையாகக் காட்டும். தினமும் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்புகிற விமானம் நீங்கள் போகும் அன்றைக்கு மட்டும் திருந்திவிடாது.

காற்று, மழை, புகை

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன் என்று கேட்பவர்கள் அதிகம். லண்டன் போகும்போது நேரம் கூடுதல், திரும்பும்போது குறைவு. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. எதிர்த்துப் போனால் தாமதம், கூடவே வந்தால் லாபம்.

சிங்கப்பூர் பாதையில் இந்தக் கதை தலைகீழ். நாம் பறப்பது நிலநடுக்கோட்டை ஒட்டி, அந்த மேலைக் காற்று இவ்வளவு தெற்கே வருவதில்லை. அதற்குப் பதிலாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று வீசும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பாடப் புத்தகத்தில் வரும். 1950-களில் அதைக் கண்டு சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை ஆய்வாளர். அது உச்சத்தில் வீசுவது விமானங்களுக்கும் மேலே, 14 கிலோமீட்டர் உயரத்துக்கும் அப்பால். விமானத்துக்குக் கிடைப்பது அதன் அடிப்பகுதிதான். ஆனாலும் ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகிறவருக்கு அது எதிர்க்காற்று, ஊர் திரும்புகிறவருக்குத் துணைக்காற்று. வித்தியாசம் நிமிடக் கணக்கில்தான். இதற்காகப் பயணத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

தேதியை யோசிக்க வைப்பவை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் புயல் வந்தால் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று பல நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். போகிப் பண்டிகை விடியற்காலையில் பழைய பாயும் டயரும் எரிகிற புகை, மார்கழிப் பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்து விமானங்களைத் தாமதமாக்கிய வருடங்களும் உண்டு. அன்றைக்கு அதிகாலை விமானம் வேண்டாம். சிங்கப்பூர்ப் பக்கம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராவிலிருந்து கிளம்பும் இடிமழை வரிசை ஒன்று விடியலுக்கு முன்னும் காலையிலும் தீவைக் கடந்து போகும். நம்மூர் ராத்திரி விமானங்கள் போய் இறங்கும் வேளை அதுவே. ஆகாயத்தில் இருபது நிமிடம் வட்டமடித்தால் பதற வேண்டாம்.

படி 3: கடிகாரம்

ஏழு மணி நேரக் குழப்பத்துக்கு வருவோம். டிக்கெட்டில் போடும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். புறப்பாடு இந்திய நேரம், சேருவது சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

ஆகவே சேரும் நேரமான காலை 6.10-லிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள். நம்மூரில் அப்போது விடியற்காலை 3.40. இரவு 11.15-லிருந்து 3.40 வரை 4 மணி 25 நிமிடம், கணக்கு நேராகிவிட்டது. திரும்பும்போது கூட்ட வேண்டும். சிங்கப்பூரில் இரவு 8.00 மணிக்குக் கிளம்பி சென்னையில் 9.40-க்கு இறங்குவதாக இருந்தால், ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 9.40-உடன் இரண்டரை மணியைக் கூட்டினால் சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 12.10. ஆக 4 மணி 10 நிமிடம்.

உங்கள் அப்பா காலத்துச் சிங்கப்பூர்க்காரர்கள் “ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்” என்றால் அதுவும் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 1982 ஜனவரி முதல் தேதியோடு மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டன. அதனால் அங்கே வருடம் முழுக்கச் சூரியன் உதிப்பது காலை ஏழு மணி வாக்கில். ஆறு மணிக்கு இறங்கி வெளியே கும்மிருட்டாக இருக்கிறதே என்று கடிகாரத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

கைப்பேசியில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும்போதே திரும்பும் பயணத்தை, “இரவு 8.00, விமானம்” என்று நாட்காட்டிச் செயலியில் குறித்து வைக்கிறீர்கள். செயலி அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் போய் கடிகாரம் மாறியதும் அதே குறிப்பு இரவு 10.30 என்று நகர்ந்து நிற்கும். அதை நம்பிக் கிளம்பினால் விமானம் அந்தமானைத் தாண்டிப் போயிருக்கும். குறிக்கும்போதே சிங்கப்பூர் நேரம் என்று தேர்ந்தெடுங்கள், அல்லது தலைப்பிலேயே நேரத்தை எழுத்தாக எழுதிவிடுங்கள். டிக்கெட்டை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைக்கும் பழைய வழக்கத்துக்கு நான் இன்னும் ஓட்டுப் போடுகிறேன்.

படி 4: தேதி

நேரத்தில் தப்பு செய்பவர்களை விடத் தேதியில் தப்பு செய்பவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. நம் வீட்டில் நாள் பிறப்பது பொழுது விடியும்போது, பஞ்சாங்கமும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. ராத்திரி ஒரு மணி என்றால் நமக்கு அது இன்னும் வியாழக்கிழமை ராத்திரிதான். விமான நிறுவனத்துக்கு அது வெள்ளிக்கிழமை.

டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00.50 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு 9.50-க்கு. பதினைந்தாம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் தாமதம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லும்போது தேதியைச் சொல்லாமல், “வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே கிளம்பறோம்” என்று சொல்லிவிடுங்கள். வேன்காரருக்கும் அப்படியே.

இறங்கும் தேதியையும் பாருங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள். இது ஹோட்டலுக்கு மட்டுமல்ல, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்துக்கும் முக்கியம். சிங்கப்பூர் போகிற வெளிநாட்டினர் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். 14ஆம் தேதி இரவு ஏறி 15ஆம் தேதி இறங்கினால் அந்த மூன்று நாள் 13, 14, 15. வருகைத் தேதி என்ற இடத்தில் 15 என்று போட வேண்டும். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

ராகு காலம் பார்க்கிற குடும்பமா? வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்துக்குப் பாருங்கள், விமானம் உங்கள் கையில் இல்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம், சிங்கப்பூரும் கிழக்கே. பெரியவர்கள் முகம் சுளித்தால் முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடுங்கள், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தக் காலத்தவர்கள் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 5: நேராகவா, மாறியா?

விலை குறைவு என்று கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ டிக்கெட் காட்டுவார்கள். கோலாலம்பூர் வழியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், கிலோமீட்டர் எவ்வளவு ஏமாற்றும் என்று தெரியும். சென்னை – கோலாலம்பூர் 2,630, அங்கிருந்து சிங்கப்பூர் 300. கூட்டினால் 2,930. நேர்ப் பாதையை விடப் பத்துக் கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் கோலாலம்பூர் வழியிலேயே இருக்கிறது. ஆனால் நேரம்? முதல் விமானம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பின். இரண்டாவது, வெறும் 300 கிலோமீட்டருக்கு, டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். நடுவில் காத்திருப்பது குறைந்தது இரண்டு மணி நேரம். நாலேகால் மணி நேரப் பயணம் ஏழு எட்டு மணி நேரமாகிவிடும். கொழும்பு வழி தூரத்திலும் சுற்றுதான், மொத்தம் 3,400 கிலோமீட்டர் வரும்.

காசு மிச்சமாகிறது என்றால் தாராளமாகப் போகலாம், ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் நேராகச் சிங்கப்பூருக்கே போகும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால் நடுவில் இறங்கி, மலேசியக் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரும். முதல் முறை போகிறவர்களுக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

படி 6: வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது சித்தப்பாவின் கணக்கு. கும்பகோணத்திலிருந்து சென்னை வழியாக, இரவு 11.15 விமானத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 8.15-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்போ, சில நிறுவனங்களில் அதற்கும் முன்போ மூடிவிடுவார்கள். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை. சாலை வழியே 290 கிலோமீட்டர் சுமார், சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தினால் ஏழு மணி நேரம். பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து தாம்பரம் வரை என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொங்கல் தீபாவளி விடுமுறை முடிகிற நாள் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளிலேயே மதியம் 12 மணிக்குக் கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம்.

சாங்கியில் காலை 6.10-க்கு இறங்கி, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து தங்கும் இடத்துக்கு இன்னொரு மணி நேரம். 8.15 ஆகிவிட்டது, நம்மூர்க் கணக்கில் காலை 5.45. மதியம் 12-லிருந்து எண்ணினால் பதினேழே முக்கால் மணி நேரம், பறந்தது அதில் கால்வாசி.

இதையே திருச்சியிலிருந்து போட்டுப் பாருங்கள். திருச்சி – சிங்கப்பூர் ஆகாயத் தூரம் 2,980 கிலோமீட்டர், சென்னையை விட 60 கிலோமீட்டர் அதிகம். விமானத்தில் அது ஐந்து நிமிடம். ஆனால் கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் போதும். அதே நேரத்து விமானமாக இருந்தால் சாயங்காலம் 5.30-க்குக் கிளம்பினால் சரி, மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும், வேன் வாடகையைக் கழித்துப் பார்த்தால் டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கும் புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்களுக்கும் திருச்சிதான் லாபம். இதை ஏன் பலர் யோசிப்பதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

சென்னைதான் என்றால் ரயிலை நினைவில் வையுங்கள். தெற்கிலிருந்து வரும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். அங்கே மின்சார ரயிலில் மாறினால் நாலாவது நிறுத்தம் திரிசூலம், எதிரே விமான நிலையம். அரசுப் பேருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நகரத்துக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மெட்ரோ விமான நிலையம் வரைக்குமே வருகிறது. பெட்டி இரண்டுக்கு மேல் போனால் மட்டும் டாக்ஸி.

சாங்கியில் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் நிலையம் 2, 3ஆம் முனையங்களுக்கு நடுவே இருக்கிறது. லிட்டில் இந்தியா போகிறவர்கள் அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்தில் மாறினால் நேராகப் போய்விடலாம். காலை விமானத்தில் இறங்குபவர்களுக்கு ரயில் இருக்கும். நள்ளிரவு வாக்கில் இறங்குகிறீர்கள் என்றால் கடைசி ரயில் போயிருக்கும், டாக்ஸிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

படி 7: திரும்பும்போது

சாங்கியில் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கும். குடிநுழைவைத் தாண்டியதும் எல்லாம் முடிந்ததென்று கடை கடையாகச் சுற்றுகிறவர்கள், கடைசி நேரத்தில் கேட்டுக்கு ஓடிவந்து அங்கே ஒரு வரிசை நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அங்கேயே காலி செய்யச் சொல்வார்கள். போர்டிங் தொடங்கும் நேரத்துக்கே கேட்டில் இருங்கள். சில கேட்டுகளுக்கு நடந்து போகவே இருபது நிமிடம் ஆகும்.

அழைத்துப்போக வருபவர்களிடம் நேரத்தைச் சொல்லாமல் விமான எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும், இரண்டு மூன்று விமானம் ஒன்றாக வந்து இறங்கினால் ஒன்றரை. தரையிறங்கியது என்று செயலி காட்டிய பிறகு அவர்கள் குரோம்பேட்டை வீட்டில் செருப்பை மாட்டினாலும், உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.